‘ஜேர்மன் சூடான நாய்’ தின்ற தலைவர்

கடந்த திங்கட்கிழமை காலையில் என் கைத்தொலைபேசி ஓயவே இல்லை. நான் ஓய்வு பெற்ற நாளில்கூட இத்தனை பேர் என்னை விசாரித்ததில்லை.

முதல் அழைப்பு தங்கவேலுவுடையது. எங்கள் கோயில் பரிபாலன சபைக்கு நான் தலைவர், அவர் செயலாளர். பதுளை நகரில் இரும்புக்கடை வைத்திருக்கிறார். எப்போதும் சம்மட்டி விழுவதுபோல் பேசுகிறவர், அன்று சாவு வீட்டில் பேசுவதுபோல் பேசினார்.

“சார்... குரூப்புல ஒரு படம் சுத்துதே. பாத்தீங்களா?”

“இல்லை.”

“ஒக்காந்துகிட்டுப் பாருங்க சார்.”

நின்றபடியே பார்த்தேன்.

படத்தில் இருப்பவன் நான். இடது முழங்கையில் ஹெல்மட் தொங்குகிறது. நெற்றியில் காலையில் பூசிய திருநீறு கலையாமல் இருக்கிறது. கண்கள் மூடியிருக்கின்றன, வாய் மூடியிருக்கவில்லை. வாய்க்குள் ஒரு நீளப் பணிஸ் ரொட்டி பாதி போயிருக்கிறது. பணிசுக்குள் சொசேஜ். மீசை நுனியில் அரைத்த கடுகு. இருபுறமும் கறுப்புத் தோல் ஜாக்கெட் அணிந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் — அவர்களும் அதே கோலத்தில்.

இவ்வளவையும் உலகம் மன்னித்திருக்கும். ஆனால் என் தலைக்கு நேர் மேலே ஒரு பலகை இருந்தது. மும்மொழிப் பலகை. சிங்களம் சரி. ஆங்கிலத்தில் ‘ஹொட் டோக்’, அதுவும் சரி. தமிழில் மட்டும் பெரிய சிவப்பு எழுத்தில் — ‘ஜேர்மன் சூடான நாய்’.

யாரோ ஒரு புண்ணியவான் படத்துக்குக் கீழே எழுதியிருந்தான்: ‘நம்ம தலைவர் நாய் தின்கிறார்!’

“பயப்படாதீங்க சார்” என்றார் தங்கவேலு. “இப்பல்லாம் ஏஐ-ல என்ன வேணும்னாலும் செய்றானுங்க. எங்க மச்சான் குதிர மேல ஒக்காந்திருக்க மாதிரி ஒரு படம் வந்துச்சு. அவரு ஆட்டோவுல ஏறுனாலே தலய சுத்தும்பாரு. இதுவும் அப்புடித்தான்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. மத்தத நாங்க பாத்துக்குறோம்.”

“மற்றது என்றால்?”

“படத்த மொதல்ல போட்டது அந்தக் கடைக்காரிதான். பெரிய மனுஷன் படத்தப் பொய்யா செஞ்சு வெளம்பரம் தேடுறான்னு பொலிஸ்ல ஒரு முறைப்பாடு. கடையத் தூக்கிருவாங்க. கொடியேத்தத்துக்கு முந்தி எல்லாம் முடிஞ்சிரும். பரிவட்டமும் வழமபோல ஒங்களுக்குத்தான்.”

பரிவட்டம் என்பது தேர்த் திருவிழாவன்று சபைத் தலைவரின் தலையில் குருக்கள் கட்டும் பட்டு. அது சிறிய துணிதான். ஆனால் அதற்காக இந்த ஊரில் அண்ணன் தம்பிகள் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆக, கணக்கு மிக எளிது. ‘அது நான் இல்லை’ என்று நான் ஒரு பொய் சொன்னால் என் தலையில் பட்டு ஏறும். ஒருத்தியின் கடை பாதையோரத்திலிருந்து போகும். வெள்ளிக்கிழமை மாலை சபைக் கூட்டம். அதற்குள் என் பதில் தேவை.

இந்த வயதில் எனக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு, சொசேஜ் எதற்கு, கறுப்பு ஜாக்கெட்காரர்களின் சகவாசம் எதற்கு என்று கேட்கிற வாசகர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் கல்வி அதிகாரியாக இருந்தவன். நமுனுகுலைப் பக்கத்திலும் பூனாகலைப் பக்கத்திலும் ஜீப் ஏறாத தோட்டப் பாதைகள் இருந்தன. அந்தப் பாதைகளின் முடிவிலும் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றைப் பார்வையிட மோட்டார் சைக்கிளில்தான் போனேன். உத்தியோகம் முடிந்தது. மோட்டார் சைக்கிள் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் காலைப் பூசை பார்த்துவிட்டு, ஹாலி-எல வழியாகப் பண்டாரவளைப் பக்கம் ஏறுவேன். எழுபதைத் தாண்டியவனுக்கு இது எதற்கு? நான் திருப்பிக் கேட்கிறேன் — எழுபதைத் தாண்டியவனுக்கு வேறு எது?

அந்த ஏற்றத்தில் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. அங்கேதான் பாக்கியத்தின் தகரக் கூரைக் கடை.

பாக்கியம் பூனாகலைத் தோட்டத்துப் பெண். கட்டாருக்கு வீட்டு வேலைக்குப் போய், ஒரு ஜேர்மன் பொறியியலாளர் வீட்டுச் சமையலறையில் பல வருடங்கள் நின்றவள். அந்த வீட்டு அம்மாவிடம் அவள் சம்பளத்தோடு ஒரு வித்தையையும் வாங்கி வந்தாள். இறைச்சியை அரைத்து, மிளகும் சாதிக்காயும் சேர்த்து, ஆட்டுக்குடலில் அடைத்து, கொதிக்காத வெந்நீரில் ஒருமுறை வேகவைத்து, பிறகு கரியடுப்பில் கம்பி வலைமேல் போட்டுச் சுடுகிறாள் — அதுதான் சொசேஜ். கோழியும் உண்டு, பன்றியும் உண்டு. மாடு கிடையாது. இரண்டு பெண் பிள்ளைகள் பதுளையில் விடுதியில் தங்கிப் படிப்பது அந்த அடுப்பின் தயவில்.

ஞாயிறானால் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பெரிய பெரிய பைக்குகளில் ஆட்கள் வந்து அந்த வளைவை அடைத்துக்கொள்வார்கள். முதலில் காவாலிக் கூட்டம் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு பார்த்தால், வரிசையில் நிற்கிறார்கள். கடதாசியைக் கீழே போடாமல் கூடையில் போடுகிறார்கள். நம் கோயில் அன்னதானத்தில் இந்த இரண்டையும் நான் கண்டதில்லை.

ஆனால் ஒரு கேள்வி என்னைக் குடைந்தது. மோட்டார் சைக்கிள்காரனுக்கும் சொசேஜுக்கும் அப்படி என்ன பந்தம்? வழியில் சோற்றுக்கடை இல்லையா, ரொட்டிக்கடை இல்லையா? எல்லாவற்றையும் தாண்டிவந்து இதைத்தானே தின்கிறார்கள்!

கோகுலன் என்று ஒரு டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் வேலை. அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவரிடம் கேட்டேன்.

“ஐயா, சோறு திண்டா வளைவில நித்திரை வரும். ரொட்டியெண்டா கை முழுக்கக் குழம்பு, பிறகு கிளச்சைப் பிடிக்கேலாது. இது ஒரு கைச் சாப்பாடு. மற்றக் கை ஹெல்மட்டுக்கு.”

“வாழைப்பழமும் ஒரு கைச் சாப்பாடுதானே, டொக்டர்?”

“வாழைப்பழம் புகையாது, ஐயா.”

யோசித்தேன். மறுக்க முடியவில்லை. மூடுபனியில் ஏறி வருகிறவனின் நெஞ்சுக்குள் குளிர் இறங்கியிருக்கும். அவனுக்குப் புகை வேண்டும், உப்பு வேண்டும், கொஞ்சம் கொழுப்பு வேண்டும். இன்னொன்றும் கண்டேன். எஞ்சினை அணைத்த பிறகும் காது ஒரு சத்தத்தைத் தேடும். சட்டென்று வரும் அமைதி அதற்குப் பிடிக்காது. கம்பி வலைமேல் சொசேஜ் வெடித்துச் சீறும் சத்தம் அந்த வெறுமையை நிரப்புகிறது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு. கோகுலனும் ஒப்புக்கொண்டார்.

எனக்கு மட்டும் உரிய ஒரு காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் நமுனுகுலையில் தோட்டத் தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவன். என் பெற்றோர் விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் கொடுத்துக் கொழுந்து மலை ஏறியவர்கள். நான் கல்லூரிக்குப் போன முதல் வாரம், விடுதியில் முள்ளுக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியாமல் விழித்தேன். மேசை முழுவதும் சிரித்தது. அன்றைக்கு முடிவெடுத்தேன்: இனி என் சாப்பாட்டைப் பார்த்து ஒருவனும் சிரிக்கக்கூடாது. அதன் பிறகு எந்த விருந்திலும் ஒரு பருக்கை என் தட்டுக்கு வெளியே விழுந்ததில்லை. தோட்டத்திலிருந்து வந்து அதிகாரியானவனின் ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் ஊர் பார்த்துக்கொண்டே இருக்கும். எனக்குத் தெரியும், ஒரு வாழ்நாள் முழுவதும் நான் ஊர் பார்க்கச் சாப்பிட்டவன்.

அந்த வளைவில் தட்டு இல்லை. கரண்டி இல்லை. மேசை இல்லை. கடித்தால் கடுகு வழியும், துடைத்துக்கொள்ளலாம்.

“சார், வாயத் தொறந்தா முழுசாத் தொறங்க” என்றாள் பாக்கியம் முதல் நாளே. “பாதி தொறந்தா கடுகெல்லாம் மீசைக்குத்தான் போகும்.”

இனி அந்தப் பலகை.

பொதுப் பலகைகளில் தமிழ் பிழையாக இருந்தால் நான் சும்மா இருப்பதில்லை என்பது பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ‘கவனம், பாதை வழுக்கும்’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘கவனம், பாதை வழக்கும்’ என்று எழுதியிருந்த ஒரு விடுதியோடு ஒரு வருடம் போராடியவன் நான். அப்படிப்பட்டவன் கண்ணெதிரே ‘சூடான நாய்’! பலகை எழுதியவர் ஆங்கிலத்தைத் தொலைபேசியில் தட்டி, அது கக்கியதை அப்படியே தீட்டிவிட்டார். தமிழ் தெரியாதவர், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தமிழ் தெரிந்தவள் ஏன் அதை மாட்டி வைத்திருக்கிறாள்?

“பாக்கியம், இதை மாற்று. ‘சொசேஜ் பணிஸ்’ என்று எழுது. இல்லையென்றால் ‘ஹொட் டோக்’ என்றே எழுது. அதைத் தமிழாக்கவே கூடாது.”

“மாத்த மாட்டேன் சார்.”

“ஏன்?”

“தமிழ் ஆளுங்க பஸ்ஸ நிறுத்தி எறங்கி வந்து சிரிக்கிறாங்க. போட்டோ புடிக்கிறாங்க. சிரிச்சு முடிஞ்சா பசிக்கும்ல? ஒண்ணு வாங்குறாங்க. நீங்க சொல்ற மாதிரி சரியா எழுதிப் போட்டா யாரு சார் திரும்பிப் பாப்பா?”

என் வாழ்நாளில் இலக்கணம் தோற்ற இடம் அது ஒன்றுதான். மாற்றும்வரை இங்கே வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஞாயிறே போனேன். கோபம் பலகையோடுதான், சொசேஜோடு எனக்கு என்ன பகை?

திங்கட்கிழமைக்குத் திரும்புகிறேன். தங்கவேலுவுக்கு யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு மனைவி கமலத்திடம் படத்தைக் காட்டினேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி, நிதானமாகப் பார்த்தாள்.

“இதுக்குத்தானா ஞாயித்துக்கெழம ‘காத்து வாங்கப் போறேன்’னு போறீங்க?”

“ம்.”

“அதான் மத்தியானச் சோறு எறங்க மாட்டேங்குது. நான் ஒங்க வயித்துலதான் ஏதோ கொறன்னு நெனச்சு டொக்டர்கிட்டக் காட்டணும்னு இருந்தேன்.” ஒரு பெருமூச்சு. “போனதுதான் போனீங்க... எனக்கு ஒண்ணு கட்டி எடுத்துட்டு வரணும்னு தோணலையே!”

பேச்சை மாற்றினேன். 

தங்கவேலுவின் யோசனையைச் சொன்னேன். கமலம் கண்ணாடியைக் கழற்றினாள்.

“நீங்க தின்னுட்டு, திங்கலன்னு சொல்றதுக்கு அந்தப் பொண்ணு ஏங்க பொலிசுக்குப் போகணும்?”

மறுநாள் பாக்கியத்தின் கடைக்குப் போனேன். வார நாள், பைக்குகள் இல்லை. செய்தி எனக்கு முன்னரே போய்ச் சேர்ந்திருந்தது. அடுப்பை விசிறியபடி, முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“ஒங்களக் கேக்காமப் படத்தப் போட்டது தப்புத்தான் சார். அழகா இருந்துச்சு, போட்டுட்டேன். வேணும்னா இப்பவே எடுத்துர்றேன்.”

“எடுத்து என்ன பயன்? ஊரே பார்த்தாகிவிட்டது.”

“அப்ப ஒண்ணு சொல்லிர்றேன்.” இப்போது என்னைப் பார்த்தாள். “நான் பொய்ப்படம் செஞ்சேன்னு பொலிசு வந்தா, வாய மூடிக்கிட்டு நிக்க மாட்டேன். இந்த வளைவுல கட போட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எம் புள்ளைங்க படிப்பு இதுல இருக்கு. சார் எப்ப வந்தாரு, எத்தன தின்னாரு, கடுகு இன்னும் கொஞ்சம்னு கேட்டாரா இல்லையான்னு அம்புட்டையும் சொல்லுவேன். பெரிய மனுஷன்னு பாக்க மாட்டேன்.”

“பார்க்கக்கூடாது” என்றேன்.

“அப்ப நீங்க என்ன சொல்லப் போறீங்க?”

“வெள்ளிக்கிழமை தெரியும்.”

“அது வரைக்கும் நான் எப்புடி சார் தூங்குறது?”

அந்தக் கேள்வியோடு வீடு திரும்பினேன். அன்று ஏன் உடனே பதில் சொல்லவில்லை என்று கேட்டால், மறைக்க விரும்பவில்லை... அந்தப் பட்டு என் தலையில் ஏறும்போது, லயத்திலிருந்து வந்த கூட்டம் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும். ‘நம்ம ஆளு’ என்று ஒரு முணுமுணுப்பு எழும். அந்த முணுமுணுப்பை விடுவது எளிதல்ல.

வெள்ளிக்கிழமை மாலை. கோயில் மண்டபம். சபை உறுப்பினர்கள் ஒருவரும் குறையவில்லை. வரவு செலவு பேசும் நாளில் பாதிப்பேர்கூட வரமாட்டார்கள்.

தங்கவேலு தொண்டையைச் செருமினார். “நம்ம தலைவருக்குக் கெட்ட பேரு வரணும்னு யாரோ ஏஐ-ல ஒரு படம்...”

“தங்கவேலு, நிறுத்துங்கள். படத்தில் இருப்பது நான்தான். அது சொசேஜ். ஒன்று தின்ற பிறகு எடுத்த படம். கையில் இருப்பது இரண்டாவது.”



“மாடா சார்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“கோழி.”

“கோழின்னாலும்... ரோட்டுல நின்னுகிட்டா? அந்த ரவுடிப் பசங்களோட?” இது தங்கவேலு. “நாம எவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு மரியாதைக்கு வந்திருக்கோம் சார்! நீங்களே இப்புடி...”

“தங்கவேலு, வருடா வருடம் உங்கள் தோட்டத்து முனியாண்டிக்குச் சேவல் அறுக்கிறீர்களே. கறி யாருக்குப் போகிறது?”

“அது சாமிக்குச் செய்றது.”

“சாமி தின்கிறாரா?”

யாரோ சிரித்து, உடனே இருமலாக மாற்றினார்கள்.

“போன வருடம் நீங்கள்தான் என் இலையில் தொடையை வைத்தீர்கள். அதே கோழிதான் இதுவும். குழம்பில் கிடந்தால் மரியாதை. பணிசுக்குள் படுத்தால் மானக்கேடா? இலை போட்டு உட்கார்ந்து தின்றால் பெரிய மனுஷன். குளிருக்கு நின்று தின்றால் காவாலியா? கோழி ஒன்றுதானே, ஐயா?”

குருக்கள் என் பக்கம் திரும்பினார்.  “விரதம் தொடங்கினதுக்கு அப்புறம் ஏதும்...?”

“இல்லை. தொடங்கினால் தொடவும் மாட்டேன்.”

“அப்ப எனக்குக் கேள்வி இல்ல” என்று சொல்லிவிட்டுக் குருக்கள் விளக்குக்கு எண்ணெய் விடப் போய்விட்டார்.

ஆனால் சபைக்குக் கேள்வி இருந்தது. பேசினார்கள், நிறையப் பேசினார்கள். கடைசியில் தங்கவேலு ஒரு முடிவுக்கு வந்தார்: பொலிஸ் முறைப்பாட்டுக்கு இனி இடமில்லை, படம் உண்மையாகிவிட்டது. ஆனால் ஊர் வாயை மூட வேண்டும். ஆகவே நான் ராஜினாமா செய்வது நல்லது.

“செய்யமாட்டேன்” என்றேன். “நான் பிழை ஒன்றும் செய்யவில்லை. உங்களுக்கு வேண்டுமானால் நீக்குங்கள். உரிமை இருக்கிறது. ஆனால் காரணத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதவேண்டும். ‘சொசேஜ் தின்றதால் தலைவர் நீக்கப்பட்டார்’. அவ்வளவுதான், அதிகமும் வேண்டாம், குறைவும் வேண்டாம்.”

தங்கவேலு பேனாவை எடுத்தார். எழுதத் தொடங்கினார். நின்றார்.

“சொ... சேஜா? சா... சேஜா?”

“நான் ‘சாசேஜ்’னுதான் கேள்விப்பட்டிருக்கேன்” என்றார் ஒருவர்.

“அது இந்தியாவுல. நமக்கு ‘சொ’தான்.”

“அதெல்லாம் எழுதிக்கிட்டு... பின்னாடி யாராச்சும் படிச்சா சிரிக்க மாட்டாங்களா?”

எழுதவில்லை. ஒருவராலும் அந்த வாக்கியத்தைக் கோயில் குறிப்பில் ஏற்ற முடியவில்லை. எழுத்தில் வைக்க வெட்கப்படுகிற காரணம், காரணமாக இருக்க முடியுமா?

நீக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை. ‘தலைவரின் உடல்நிலை கருதி’ இவ்வருடப் பரிவட்டம் செயலாளருக்கு என்று முடிவாயிற்று. என் உடல்நிலை நன்றாகவே இருக்கிறது, இரண்டு சொசேஜைச் செரிக்கிறது என்று ஆட்சேபித்தேன். அதையும் எழுதவில்லை.

ஆகவே, இந்தத் தேருக்குப் பட்டு தங்கவேலுவின் தலையில் ஏறும். ஏறட்டும். கீழே நிற்கிற கூட்டத்தோடு நானும் நின்று வடம் பிடிப்பேன். வலிக்கிறதா என்றால், வலிக்கிறது. அதற்காக ஒருத்தியின் அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அந்தப் பட்டை என் தலையில் சுற்றிக்கொள்ள என்னால் முடியாது.

கூட்டம் முடிந்ததும் மண்டப வாசலிலிருந்தே பாக்கியத்துக்குப் பேசினேன். உண்மையைச் சொல்லிவிட்டதாகவும், கடைக்கு ஒன்றும் வராது என்றும் சொன்னேன்.  மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “அம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க சார், பின்னாடி ஏத்திக்கிட்டு” என்றாள். கமலம் இப்போதே என் ஹெல்மட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்க்கிறாள்; தனக்கென்று ஒன்று வாங்கவேண்டுமாம்.

கொடி இறங்கும்வரை விரதம். அதற்கடுத்த ஞாயிறு காலை அந்த வளைவில் நிற்போம். படம் எடுக்க விரும்புகிறவர்கள் மறைந்து நிற்கவேண்டாம், நேராக முன்னால் வந்து எடுக்கலாம்.

நான் வாயை மூடப் போவதில்லை.